பகைவர் காதலிக்கும் சரித்திரக் கதையை யாழ்ப்பாணத்தில் வைத்து எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு பகைவர்கள், ஒரு பழைய காலம், நடுவில் அடக்க முடியாத ஆசை. இந்த வகைக் கதையை ஆசையோடு தொடங்கி நாலாவது அத்தியாயத்தில் கைவிட்டவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். மாதம் ஒருமுறை ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசிக்கும் சின்னக் கூட்டம் எங்களது. அங்கே வந்த பிரதிகளையும், நான் இரண்டு தடவை கிழித்துப்போட்டு மூன்றாம் தடவை முடித்த என் நாவலையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் காதல் காட்சியில்தான் இடறுவோம் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் இடறுவது அதற்கு வெகு முன்னால், பகையில். பகை பொய்யாக இருந்தால் அதற்குப் பிறகு எத்தனை முத்தம் வைத்தாலும் பக்கம் சூடேறாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

வழி முழுக்க ஒரே உதாரணத்தைக் கொண்டுபோகிறேன். காலம் 1705, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சி. ஊர் கொக்குவில். அவள் வள்ளியம்மை, பிள்ளை இல்லாத விதவை, 27 வயது. அவன் கதிரேசு, ஒல்லாந்தரின் கந்தோரில் (அலுவலகத்தில்) தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதும் கணக்கப்பிள்ளை, அங்கே அவன் பெயர் பிலிப்பு.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாலு தாள் போதும். முதல் தாளில் கதை நடக்கும் ஆண்டும், அதற்கு முன்னும் பின்னும் 20 வருடத்தில் நாட்டில் நடந்தவையும். இரண்டாவதில் கையால் வரைந்த ஊர்ப்படம்: வீடு, கிணறு, ஒழுங்கை, வயல், கோட்டைக்குப் போகும் பாதை. மூன்றாவதில் இருவரின் உறவுக்காரர் பட்டியல், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது உட்பட. நாலாவதில் மாதவாரியாகக் காற்று, மழை, விளைச்சல்.

நாலாவது தாளை எல்லாரும் தள்ளிவிடுவார்கள். பிறகு ஆடி மாதத்தில் அடைமழை பெய்யவைத்து, நனைந்த சேலையோடு நாயகியை நிறுத்துவார்கள். எங்கள் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருவது. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று புழுதியைக் கிளப்பும், பனையோலை இரவு முழுக்கச் சலசலக்கும், அந்தச் சத்தத்தில் ஒருவர் வேலியைப் பிரித்து வந்தாலும் கேட்காது. மழைக் காட்சி வேண்டுமா, மார்கழிக்குப் போங்கள். களவாக வரும் காட்சி வேண்டுமா, ஆனி ஆடி போதும். காலம் சரியாக இருந்தால் கதைக்கு வேண்டியதை அதுவே கொடுக்கும்.

அருவி, ஆறு, மலையுச்சி எல்லாவற்றையும் முதலிலேயே மறந்துவிடுங்கள். வழுக்கையாறு மழைக்கு ஓடி வெயிலுக்குக் காயும், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல் நிலம் இது, தண்ணீர் கிணற்றில் இருக்கிறது. ஆசையும் கிணற்றடியில்தான் நடக்க வேண்டும்.

2. முதலில் பகை, பகைக்கு ஒரு பொருள்

இந்தக் கட்டத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். “இரண்டு குடும்பத்துக்கும் பரம்பரைப் பகை” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அது வாசகருக்கு ஒன்றும் காட்டாது. பகைக்குக் கையால் தொடக்கூடிய ஒரு பொருள் வேண்டும்: ஒரு கிணறு, ஓர் ஓலை, ஒரு வள்ளம், வேலியில் நகர்த்தப்பட்ட ஒரு கதியால். பொருள் இருந்தால் இருவரும் அதைச் சுற்றி வந்தே ஆக வேண்டும். விலகிப் போக முடியாத சண்டைதான் காதலாக மாறும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு, ஊர் வழக்கச் சட்டமான தேசவழமையைவிட நல்ல சுரங்கம் இல்லை. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தத் திசாவை (மாகாண அதிகாரி) ஊர் வழக்கங்களைத் திரட்டி 1707இல் எழுதிக் கொடுத்தார், 12 முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதில் சொத்து மூன்று வகை. பெண் கொண்டுவருவது சீதனம். வழிவழியாக வருவது முதுசம். கலியாணத்துக்குப் பிறகு சேர்ப்பது தேடியதேட்டம். பிள்ளை இல்லாமல் கணவன் இறந்தால் அவன் முதுசம் அவன் பக்கத்து உறவுக்குத் திரும்பும், சீதனம் அவளிடமே நிற்கும்.

இப்போது உதாரணத்துக்கு வாருங்கள். எட்டுப் பனையும் ஒரு கிணறும் உள்ள துண்டுக் காணி வள்ளியம்மையின் சீதனம். தோம்பில் அது அவள் கணவனின் முதுசம் என்று ஏறிவிட்டது, கணவனின் தமையன் வந்து கிணற்றை மறித்துவிட்டான். எழுதியவன் கதிரேசு. ஒரு சொல் மாறியது, ஒரு பெண்ணின் தண்ணீர் போய்விட்டது. கதைக்கு இவ்வளவு பகை போதும், வாளும் போர்க்களமும் இதற்கு மேல் தேவையில்லை.

ஆனால் கதிரேசு களவாக எழுதவில்லை என்பதையும் இங்கேயே தீர்மானியுங்கள். இரண்டு பேர் வந்து சத்தியம் பண்ணிச் சொன்னார்கள், பழைய ஓலை ஒன்றும் காட்டினார்கள், அவன் நம்பி எழுதினான். அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் நிற்க வேண்டும். நியாயமே இல்லாதவனை அவள் காதலித்தால் வாசகர் அவளைத்தான் வெறுப்பார்.

இதில் பெரிய பிழை: பகையைத் தவறான புரிதலாக்குவது. “அவன் அப்படிச் சொல்லவே இல்லையாம்” என்று 15ஆம் அத்தியாயத்தில் ஒருவர் வந்து சொன்னதும் தீர்ந்துபோகிற பகைக்காக யாரும் 14 அத்தியாயம் காத்திருக்க மாட்டார்கள்.

3. ஆண்டைப் பூட்டுங்கள்

“அந்தக் காலத்தில்” என்று ஒரு காலம் கிடையாது. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூர்வரை வந்து போனார்கள். 1619இல் அவர்களின் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைப் பிடித்தான், கடைசி அரசன் இரண்டாம் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. 1658இல் மூன்று மாதத்துக்கு மேலான முற்றுகைக்குப் பிறகு கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர். இந்த இடைவெளிகளில் எது உங்களுடையது என்று ஒரே ஓர் ஆண்டைக் குறித்துவிடுங்கள், ஏனென்றால் ஆண்டு தெரியாமல் விளக்குக்கூட ஏற்ற முடியாது.

நான் சும்மா சொல்லவில்லை. நாயகி தீப்பெட்டியை உரசி விளக்கேற்றும் காட்சி எங்கள் கூட்டத்தில் மூன்று பிரதியில் வந்தது. 1705இல் தீப்பெட்டி ஏது? அடுப்புத் தணலைச் சாம்பலில் மூடி வைத்திருப்பார்கள், அணைந்துபோனால் பக்கத்து வீட்டுக்குச் சிரட்டையோடு போய் நெருப்புக் கேட்பார்கள். விளக்குக்கு இலுப்பெண்ணெய். இந்தப் பிழையைத் திருத்தப் போய்த்தான் என் கதையின் மிக நல்ல காட்சி கிடைத்தது, கீழே வரும்.

வேறு எங்கே கால் வழுக்கும்? தேத்தண்ணி கொடுக்காதீர்கள், அது ஆங்கிலேயர் காலத்து வரவு. தாகத்துக்கு மோர் கொடுங்கள், பருவமானால் கருப்பநீர், கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. ஒடியற்கூழில் மரவள்ளி போடாதீர்கள், அதை ஒல்லாந்தர் கொண்டுவந்தது 1780களில். 1619க் கதையானால் மிளகாயையும் நம்ப வேண்டாம், மிளகு எப்போதும் சரி.

நல்லூர்த் திருவிழாவில் இருவரும் கூட்டத்தில் முட்டிக்கொள்ளும் காட்சி எல்லாருக்கும் பிடிக்கும். 1705இல் அது நடக்காது. இப்போது நாம் கும்பிடும் கோயில் 1734இல் எழுந்தது, பழைய கோயில் நின்ற இடமும் அதுவல்ல. பண்ணைப் பாலமும் கிடையாது, தீவுக்குப் போக வள்ளம்தான். இதை இடைஞ்சலாக எடுக்காதீர்கள். பகைவர் இருவர், ஒரு வள்ளம், காற்று விழுந்துவிட்டது, பரவைக்கடல் நடுவே அரை நாள். பாலம் இல்லாததால் கிடைத்த அத்தியாயம் அது.

சொற்களுக்கும் வயது உண்டு. கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கந்தோர், லாச்சி, கக்கூசு ஒல்லாந்தரிடமிருந்து. 1619இல் நல்லூர் வீட்டுக்காரி “கதிரையில் இரும்” என்று சொல்லமாட்டாள். அதே சமயம் 1625இல் பறங்கியின் (போர்த்துக்கேயனின்) வீட்டில் மொழிபெயர்க்கப் போன பெண்ணுக்கு அவன் அந்தச் சாமானைக் காட்டி அதன் பெயரைச் சொல்லிக் கொடுக்கலாம், அவள் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லலாம், அவன் திருத்தலாம், அவள் நிலத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு சொல் ஒரு காட்சிக்குப் போதும்.

நேரத்தை மணியில் சொல்லாதீர்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு சாமம் ஏழரை நாழிகை. “இரண்டு நாழிகை காத்திருந்தாள்” என்றால் முக்கால் மணிக்குச் சற்றுக் கூட. முதலில் கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள், பிறகு கை தானாக வரும்.

4. இருவர் கையிலும் ஓர் ஆயுதம்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆள்பவனும் ஆளப்படுபவளும், பிடித்தவனும் பிடிபட்டவளும் என்று கதை போட்டால், அவள் “மாட்டேன்” என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கும். அவளால் மறுக்க முடியாது என்றால் நீங்கள் எழுதுவது காதல் கதை இல்லை. சிறைக்குள் நடக்கும் கொடுமைக்குச் சந்தனம் பூசிக் காதல் என்று பெயர் வைக்காதீர்கள், நம் ஊர் வாசகருக்கு அது கதையாக மட்டும் இருக்காது.

அதனால் அவள் கையில் அவனைக் கவிழ்க்கக்கூடிய ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், கதையின் முதல் கால்வாசிக்குள். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வேண்டும். வெளியில் பிலிப்பு, வீட்டுக்குள் கதிரேசு என்று எத்தனையோ பேர் வாழ்ந்தார்கள். விரதச் சாப்பாடு சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரையின் தாழ்ந்த விளிம்பான இறப்பில் செருகி மறைப்பார்களாம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சண்டை பிடிக்க வந்த வள்ளியம்மை கதிரேசு வீட்டுக் கூரை இறப்பில் காய்ந்த இலை நுனி ஒன்றைப் பார்த்துவிடுகிறாள். இப்போது அவனிடம் எழுதுகோல், அவளிடம் அந்த இலை. சண்டை சமமாகிவிட்டது.

வயதையும் இங்கே கவனியுங்கள். அந்தக் காலத்தில் சிறுவயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள் என்பதற்காக நாயகியைச் சிறுமியாக்கவே கூடாது. விதவையாக்குங்கள், அல்லது காணி வழக்கால் கலியாணம் தள்ளிப்போனவளாக்குங்கள். தாய் மறுமணம் செய்தால் முதற் பிள்ளைகளின் சொத்துக்கு என்ன ஒழுங்கு என்று தேசவழமை பேசுகிறது, ஆக விதவைக்கு இன்னொரு வாழ்க்கை என்பது நீங்கள் வலிந்து நுழைக்கும் புதுமை இல்லை.

5. சந்திக்க இடமும் பார்க்கும் கண்களும்

தனிமை அந்தக் காலத்தில் இலேசில் கிடைக்காது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு தனிமைக்கும் கூலி கொடுங்கள்.

கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அயல்வீட்டுப் பெண்கள் போய்வரும் வழி அது, படலைக்கு வெளியே ஊர் என்றால் பொட்டுக்கு உள்ளே உறவு. பகை வந்ததும் முதலில் அடைபடுவது பொட்டுத்தான். அது அடைபடுவதை முதல் அத்தியாயத்தில் காட்டுங்கள், யார் எந்த இரவில் அந்தக் கிடுகை விலக்குகிறார்கள் என்று வாசகர் தானாகக் காத்திருப்பார்.

யார் பார்ப்பார்கள் என்றும் பட்டியல் போடுங்கள். காலையும் மாலையும் பனையில் சீவுகிறவருக்கு வேலி மறைப்பே கிடையாது, உச்சியிலிருந்து நாலு வளவும் தெரியும். வீட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அறிவார்கள். அடிமை குடிமை முறை இருந்த காலம் அது, காணிக்காரி வீட்டில் அவர்கள் இல்லாமல் இருக்க முடியாது. அவர்களைத் தட்டெடுக்கும் நிழலாக மட்டும் வைக்காதீர்கள். எசமானர்களின் களவு வெளிப்பட்டால் முதல் அடி யார் முதுகில் விழும் என்று எழுதுங்கள். அதை எழுதாத காதல் எனக்குச் சரியாகப் படவில்லை.

6. பேச்சு: நீங்கள், நீர், நீ

யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய கொடை ‘நீர்’. நீங்களுக்கும் நீக்கும் நடுவில் ஒரு படி நமக்கு இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். முதல் வரியிலேயே இருவரையும் நீ போட்டுப் பேசவைத்துவிட்டால், பிறகு நெருக்கத்தைக் காட்டக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

என் ஒழுங்கு இது. முதலில் அவள் அவனை நேரே அழைப்பதே இல்லை, “கணக்கப்பிள்ளை எழுதினதைக் கணக்கப்பிள்ளையே வாசிக்கட்டும்” என்று ஆளை விலக்கிப் பேசுகிறாள். அவன் நாச்சியார், நீங்கள் என்கிறான். சண்டை முற்றும்போது இருவரும் ‘நீர்’. முதல் ‘நீ’ ஆத்திரத்தில் விழ வேண்டும், விழுந்ததும் இருவரும் திடுக்கிட வேண்டும். இரண்டாவது ‘நீ’ பாயில். அதே எழுத்து, வேறு சொல்.

பெயருக்கும் இதே ஏணி. ஊர் முன்னால் அவள் வேண்டுமென்றே ‘பிலிப்பு’ என்பாள், அவன் முகம் சுருங்கும். ‘கதிரேசு’ என்று முதல் தடவை சொல்வதை எந்த அத்தியாயத்துக்கு வைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துவிடுங்கள், நடுவில் கைதவறி எழுதிவிட்டால் அந்த இடம் செத்துவிடும்.

முந்நூறு வருடத்துக்கு முந்திய பேச்சைச் செய்துகாட்ட முயலாதீர்கள். இன்றைய யாழ்ப்பாணப் பேச்சை எடுத்து, புதிதாக வந்த சொற்களை மட்டும் கழற்றிவிடுங்கள். “ஓம்”, “இஞ்சாரும்”, “ஏனாம்” போதும். அரண்மனை நாடகத் தமிழில் பேசுகிறவர்களை யாராலும் தொட முடியாது.

7. சூடு ஏறும் வரிசை

தொடுகைக்கு முன் பார்வை, பார்வைக்கு முன் கவனிப்பு. ஒருவர் மற்றவரைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கவனிப்பதுதான் முதல் படி. அது அழகாக இருக்கக்கூடாது, உண்மையாக இருக்க வேண்டும். “தாமரை முகம்” யாருடைய முகத்துக்கும் பொருந்தும், ஆகவே யாருடையதும் இல்லை.

ஓலையில் எழுதுகிறவர்கள் எழுத்தாணியை நிறுத்த இடது பெருவிரல் நகத்தில் ஒரு வெட்டு வைத்துக்கொள்வார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மார்கழி மழைக் காட்சியைத் திருப்பி எழுதினேன். ஊரெல்லாம் அடுப்பு நனைந்துவிட்டது, தணல் இருப்பது கதிரேசு வீட்டில் மட்டும்.

சிரட்டையை நீட்டினாள். அவன் இடுக்கியால் ஒரு தணல் வைத்தான், இன்னொன்று வைத்தான், மூன்றாவதை வைக்கவில்லை.

“எட்டுப் பனையையும் எழுதினது இந்தக் கைதானே?”

“ஓம்.”

அவள் குனிந்து ஊதினாள். தணல் சிவந்த வெளிச்சத்தில் அவன் இடது பெருவிரல் நகத்தில் அந்த வெட்டுத் தெரிந்தது. தன் விரலைச் சிரட்டைக்குக் கீழே மடக்கிக்கொண்டாள். அப்பன் கற்றுக்கொடுத்த எழுத்து, அதே இடத்தில் அதே வெட்டு. அவன் பார்த்துவிட்டான். மூன்றாவது தணல் இடுக்கியில் கறுக்கும்வரைக்கும் இருவரும் அசையவில்லை.

யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் கூட்டத்தில் வாசித்தபோது விறாந்தை அமைதியாகிவிட்டது. காரணம் எளிது: ஆசை வந்த அதே நொடியில் சண்டையும் அங்கே நிற்கிறது, எட்டுப் பனை இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சூடான காட்சியிலும் அந்தப் பொருள் எங்கோ இருக்க வேண்டும். பகையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால், உள்ளே இருப்பது வேறு யாரோ இரண்டு பேர்.

படிகளைத் தாண்டாதீர்கள். கவனிப்பு, தற்செயலான தொடுகை, வேண்டுமென்றே செய்த தொடுகை, பின்வாங்கல், முத்தம், மறுபடி பெரிய சண்டை, அதற்குப் பிறகு கூடல். அந்தப் பின்வாங்கலையும் நடுச் சண்டையையும் புதியவர்கள் வெட்டிவிடுகிறார்கள், அவசரம். வள்ளுவர் காமத்துப்பாலை 25 அதிகாரம் எழுதிக் கடைசி அதிகாரத்துக்கு ஊடலுவகை என்று பெயர் வைத்தார். ஊடல்தான் கூடலுக்கு உப்பு என்பது நம் வீட்டு அறிவு.

8. பாயில் நடப்பதை எழுதுவது

இந்த இடத்தில் தமிழ் நம்மைக் கைவிடுகிறது என்பார்கள். ஒரு பக்கம் வசைச்சொல், மறுபக்கம் “சங்கமித்தனர்”, “இன்பக் கடலில் மூழ்கினர்”. இரண்டும் வேண்டாம். நடுவில் நாம் தினமும் புழங்கும் சொற்கள் இருக்கின்றன: தோள், கழுத்து, முதுகு, மூச்சு, வேர்வை, அவிழ், பிடி, விடு, நெரி. வினைச்சொல்லை நம்புங்கள், உவமையைக் குறையுங்கள். ஒரு காட்சிக்கு ஓர் உவமை என்பது என் அளவு.

உடுப்பைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது அவிழப் போகிறது. கொக்கி, சிப், இன்றைய பாவாடை எதுவும் இல்லை. கொய்யகத்தை (முன்மடிப்பை) செருகியிருக்கும் ஒற்றைச் சேலை, அதை இழுக்க எத்தனை சுற்று, கை எங்கே போகும் என்று ஒரு தடவை யோசியுங்கள். கட்டிலும் மெத்தையும் எல்லா வீட்டிலும் கிடையாது. பனையோலைப் பாய், சாணி மெழுகிய நிலத்தின் குளிர், தலைமயிரில் நல்லெண்ணெய், விரல் நுனியில் கந்தோர் மை. அந்த மை அவள் தோளில் ஒட்டிவிடலாம், விடிந்ததும் கிணற்றடியில் அவள் அதைத் தேய்த்துக் கழுவலாம். வெளியில் தெரிந்துவிடும் பயமும் இரவின் நினைவும் ஒரே அடையாளத்தில் வந்துவிடும்.

அவள் விருப்பத்தை வாசகர் சந்தேகிக்கவே கூடாது. அவளை வாயால் சொல்லவையுங்கள், அல்லது முதல் அசைவை அவளிடம் கொடுங்கள். வேலிப் பொட்டின் கிடுகை விலக்கியது வள்ளியம்மை. அவன் “திரும்பிப் போறீரோ?” என்று கேட்கிறான், அவள் கிடுகைத் தன் பின்னால் இழுத்து மூடுகிறாள். அந்தக் கேள்வி சூட்டைக் குறைக்கும் என்று சிலர் வாதாடினார்கள், எழுதிப் பார்த்தால் கூட்டுகிறது.

எவ்வளவு தூரம் திறந்து எழுதுவது? உங்களால் கூட்டத்தில் குரல் நடுங்காமல் வாசிக்கக்கூடிய அளவு. முதல் தடவை இரண்டு பக்கம் எழுதி, அடுத்த நாள் பாதியாக வெட்டுங்கள். ஆனால் காட்சி முடிந்ததும் கதையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். ஒருவர் ஒரு இரகசியம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது மறைத்தது தெரிந்திருக்க வேண்டும். வெட்டி எடுத்தாலும் கதை அப்படியே நிற்கிறது என்றால் அந்தக் காட்சி தேவையில்லை.

9. எறிந்த கல் விழும் நேரம்

கூடிய பிறகு கதை தளர்ந்துபோகும், அனேகம் பேர் அங்கேதான் கைவிடுகிறார்கள். மருந்து ஒன்றுதான்: பகைக்காலத்தில் எறிந்த கல் காதல்காலத்தில் வந்து விழ வேண்டும்.

இதற்கு விதையை முன்னாலேயே போட வேண்டும். இலையைப் பார்த்த அன்றைக்கே, ஆத்திரத்தில், வள்ளியம்மை அதை ஒருவரிடம் சொல்லிவிட்டாள். நெருப்புக் கேட்டுப் போனது அதற்குப் பிறகு. இப்போது அவள் அவனைக் காப்பாற்ற நினைக்கும் நேரத்தில் கந்தோரிலிருந்து ஆள் வருகிறது. அவள் பொய்க்காரி இல்லை, அவன் கோபமும் பிழையில்லை. புதிதாக ஒரு வில்லனைக் கொண்டுவர வேண்டிய தேவையே வராது.

10. முடிவு

இந்த வகைக் கதையில் இருவரும் சேர வேண்டும், வாசகர் அந்த நம்பிக்கையோடுதான் வருகிறார். ஆனால் சேர்வதற்கு முன் அந்தப் பொருளுக்குத் தீர்ப்பு வேண்டும். கிணறு யாருக்கு? இதைச் சொல்லாமல் மாலை மாற்றிவைத்தால் ஏமாற்றிவிட்டீர்கள்.

விலையும் இருவரும் கொடுக்க வேண்டும். தோம்பில் ‘சீதனம்’ என்று திருத்தி எழுதினால் தான் முன்பு எழுதியது பிழை என்று கதிரேசு ஒப்புக்கொள்ள வேண்டும், உத்தியோகம் போகும். இலையைக் காட்டிக்கொடுத்தவள் தான்தான் என்று வள்ளியம்மை அவனிடம் அவளாகவே சொல்ல வேண்டும், யாரும் கண்டுபிடிக்கும் முன். யார் முதலில் விலை கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் நீங்கள் தெரிவுசெய்யுங்கள். என் கதையில் அவள்.

11. திருத்தும்போது

முதல் தடவை திருத்தும்போது காதலைப் பார்க்காதீர்கள், பொருளைப் பாருங்கள். கிணறு வராத அத்தியாயம் இரண்டு அடுத்தடுத்து இருந்தால் ஒன்றை வெட்டுங்கள். இரண்டாம் தடவை நீங்கள், நீர், நீ மாறும் இடங்களைச் சிவப்பால் அடையாளம் போடுங்கள். மூன்றாம் தடவை சாமான்களும் சாப்பாடும், முதல் தாளோடு ஒப்பிட்டு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்தால் எதுவும் கண்ணில் படாது.

பிறகு சத்தமாக வாசியுங்கள், அப்புறம் துலாக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வளர்ந்த ஒருவரிடம் பிரதியைக் கொடுங்கள். என் பிரதியை வாசித்த ஓர் ஆச்சி, பாயில் நடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பிள்ளை, மார்கழி மழையில துலாக்கொடி நனைஞ்சு வழுக்குமே, இவள் எப்பிடி ஒரு கையால அள்ளினவள்?” என்று கேட்டார். அன்றிரவே அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். இப்போது அவள் இரண்டு கையாலும் அள்ளுகிறாள், அதனால் தோளில் ஒட்டிய மையை மறைக்க அவளுக்குக் கை இல்லை.